குட்டைக்கு வந்தவர்கள் ஏன் நிற்கவில்லை?

"அவிநாசிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு குட்டை இருக்கிறது. இளைஞர்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் சுத்தம் செய்ய ஆரம்பித்தோம். முதல் வாரம் நூறு பேர் வந்தார்கள். இப்போது ஆறு பேர்தான் மிச்சம். ஊர்க்காரர்களுக்கு அக்கறையே இல்லையா? சாதாரண மக்களை இயற்கைப் பாதுகாப்பில் எப்படித்தான் கொண்டுவருவது?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி கோவையிலிருந்து கரூர் வரைக்கும் பல ஊர்களின் கேள்வி.

அக்கறை இல்லை என்று நான் நம்பவில்லை. நூறு பேர் வந்தார்களே, அதுவே அத்தாட்சி. அவர்கள் ஏன் மறுபடி வரவில்லை என்றுதான் பார்க்க வேண்டும். குளத்து வேலைகளில் பல வருடமாக இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த காரணம் இது: அவர்களுக்கு நாம் வேலையைக் கொடுத்தோம், குட்டையை என்ன செய்வது என்ற முடிவில் பங்கு கொடுக்கவில்லை. குப்பை பொறுக்க யாரும் ஒருமுறை வருவார்கள். அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் அதே குப்பை கிடந்தால் வரமாட்டார்கள். பனியன் கம்பெனியில் வாரம் முழுக்க ஷிப்ட் பார்ப்பவருக்கு ஓய்வென்று கிடைப்பது அந்த ஒரு நாள்தான். அதைக் கேட்கிறோம் என்றால், அவர் பேச்சுக்கும் மதிப்பு இருக்க வேண்டும், அவர் உழைப்பு மிஞ்சி நிற்கவும் வேண்டும்.

அதனால் சுத்தம் செய்வதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். அந்த ஆறு பேரும் சேர்ந்து, குட்டையைச் சுற்றி யார் யார் பிழைப்பு இருக்கிறது என்று விசாரியுங்கள். ஆடு மாடு ஓட்டிக்கொண்டு வருபவர் இருப்பார். மீன் ஏலம் எடுத்தவர் இருப்பார். கரைக்குக் கீழே கிணறு வைத்திருக்கிற தோட்டத்துக்காரர் இருப்பார். குட்டை நிறைந்தால் அவர் கிணற்றில் ஊறும். நூறு நாள் வேலையில் குட்டைக்குள் இறங்கி மண் வெட்டிய பெண்கள் இருப்பார்கள். எந்த மூலையில் சேறு, எந்த மூலையில் பாறை என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தப் பொறியாளருக்கும் தெரியாது. கரையோரம் குடியிருப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். பல ஊர்களில் அது, கூட்டம் போட்டால் கூப்பிடப்படாத மக்களின் குடியிருப்பாக இருக்கிறது. சாக்கடை நாற்றத்தையும் கொசுவையும் முதலில் அனுபவிப்பவர்கள் அவர்கள்தான். அவர்களை ஒதுக்கிவிட்டு நடத்துகிற எந்தக் குளத்து வேலையும் பாதி ஊரின் வேலைதான். அது நிற்காது, நிற்கவும் கூடாது.

இப்படிப் பேசப் போனால்தான் விஷயம் வெளியே வரும். நம் பக்கத்தில் மாடு மேய்க்கிற பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நேராகக் காரணத்துக்கு வந்துவிடுவார்கள். "அந்தப் பள்ளத்துல சைட்டு போட்டப்பவே வாய்க்கால அடைச்சுட்டாங்க கண்ணு, இனி மழை பேஞ்சாலும் இங்க எப்படித் தண்ணி வரும்?" இந்த மாதிரி ஒரு வார்த்தை, ஒரு வருடம் குப்பை பொறுக்கினாலும் நமக்குக் கிடைக்காது.

அடுத்தது காகிதம். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் (ஊரின் நில விவரப் பதிவேடு) குட்டையின் புல எண், பரப்பு, வகைப்பாடு மூன்றையும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். புல வரைபடம் ஒன்று வாங்குங்கள். பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) உள்ள ஏரி குளங்கள் நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் கீழானவை ஊராட்சி ஒன்றியத்திடமும் ஊராட்சியிடமும் இருக்கும். யாருடையது என்று தெரியாமல் மனு எழுதினால் அது மேசை மேசையாகச் சுற்றும். அப்புறம் அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மாடு மேய்ப்பவரைக் கூட்டிக்கொண்டு, வரத்து வாய்க்கால் வழியே மேல்நோக்கி நடந்துபோங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் போவது ரொம்ப நல்லது. எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது, எங்கே வேலி போட்டு மறித்திருக்கிறார்கள், எந்த ரோட்டுக்கு அடியில் போட்ட குழாய் வாய்க்கால் தரையைவிட ஒரு முழம் உயரத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அன்றைக்குக் கண்ணுக்கு நேராகத் தெரியும். அந்த ஒரு முழம்தான் பல குட்டைகளைக் காய வைத்தது. ரோடு போட்டவருக்கு அது மழைநீர் வடிகால், அவ்வளவுதான். கீழே ஒரு குட்டை இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

உங்கள் பகுதி என்பதால் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தையும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது. பவானி ஆற்றின் உபரி நீரைக் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே எடுத்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்குக் குழாய் வழியே விடுகிறார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாக ஊர் ஊராக மக்கள் கேட்டு, உண்ணாவிரதம் இருந்து, ஒரு தலைமுறை போய் அடுத்த தலைமுறை வந்து வாங்கிய திட்டம் அது. சாதாரண மக்களுக்கு அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். உங்கள் குட்டை அந்தப் பட்டியலில் இருந்தால் நல்லது. ஆனால் குழாய்த் தண்ணீர் வருகிறதே என்று வாய்க்காலை மறந்துவிடாதீர்கள். பவானியில் உபரி இருந்தால்தான் குழாயில் தண்ணீர். உங்கள் காடு தோட்டத்தில் பெய்த மழைக்கு வாய்க்கால்தான் வழி.

தூர் வாருவதைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. ஜேசிபியை இறக்கி, ஓரமெல்லாம் செங்குத்தாக வெட்டி, ஒரே ஆழத்துக்குத் தோண்டிவிட்டுப் போவதை வேலை முடிந்தது என்கிறார்கள். மனிதக் கணக்கில் தண்ணீர் கூட நிற்கும், சரி. ஆனால் உள்ளான்களுக்கு விரல் ஆழத் தண்ணீரும் சேறும் வேண்டும். நெடுங்கால் உள்ளானுக்கு அதைவிடக் கொஞ்சம் ஆழம். முக்குளிப்பானுக்கும் நாமக்கோழிக்கும் கோரை மண்டிய ஓரம் வேண்டும். கூழைக்கடாவுக்கு விரிந்த ஆழத் தண்ணீர். ஆழம் குறைந்த ஓரத்தையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டால் பாதிப் பறவைகளை ஊரைவிட்டு அனுப்பியதற்குச் சமம். கரை சரியாமல் மாடு இறங்கிக் குடிக்கவும் சரிவான ஓரம்தான் நல்லது. ஒரு பக்கம் ஆழம், இன்னொரு பக்கம் மெல்லச் சரிகிற மேடு என்று கேட்டு வாங்குங்கள். மண்ணை அள்ள ஆள் தேடவும் வேண்டாம். வட்டாட்சியர் அனுமதி பெற்று விவசாயிகளும் மண்பாண்டம் செய்பவர்களும் வண்டல் மண்ணைக் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று 2024-இல் விதி எளிதானது. வண்டல் எடுத்துத் தன் காட்டில் கொட்டிய விவசாயி, அடுத்த வருடம் குட்டையில் யாராவது கட்டடக் கழிவைக் கொட்டினால் சும்மா இருக்கமாட்டார்.

கோடையில் கரையில் இறங்கும்போது தரையைப் பார்த்து நடங்கள். ஆள்காட்டிக் குருவி பொடிக்கல் தரையில் கூடு எதுவும் கட்டாமல் முட்டை போடும், பெரும்பாலும் நாலு. மண் நிறத்தில் கரும்புள்ளி போட்ட முட்டை. கூர்முனையெல்லாம் உள்பக்கம் பார்த்துச் சேர்ந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் கல்லா முட்டையா என்று சட்டென்று தெரியாது. தலைக்கு மேலே ஆள்காட்டி கத்திக்கொண்டே வட்டமடித்தால், அந்த இடத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று அர்த்தம். நாலு கல்லைத் தள்ளி அடையாளம் வைத்துவிட்டு, அன்றைக்கு வேறு பக்கம் வேலை பாருங்கள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை இதை நினைவில் வைத்தாலே போதும். சுத்தம் செய்கிற கூட்டம் மிதித்து அழிக்கிற முட்டைகள் எத்தனையோ. நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள் கையாலேயே அது நடப்பதுதான் மனசைக் கஷ்டப்படுத்துகிறது.

ஆகாயத்தாமரை உங்கள் குட்டையில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கோவைக் குளங்களில் அதை அள்ளி அள்ளி ஓய்ந்தவர்கள் நிறைய. சாக்கடையில் வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும்தான் அதற்கு உரம். சூழல் ஒத்து வந்தால் இரண்டு வாரத்துக்குள் இரு மடங்காகும். விதை சேற்றுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். சாக்கடை வருவது நிற்காமல் ஆகாயத்தாமரை பரவுவது நிற்காது. இங்கேதான் குட்டைக்கே வராத வீடுகளுக்கும் வேலை இருக்கிறது. பாத்திரம் கழுவிய தண்ணீரையும் குளித்த தண்ணீரையும் வீட்டுக்குப் பக்கத்திலேயே உறிஞ்சு குழி வெட்டி இறக்கினால், சின்ன ஊர்களில் குட்டைக்குப் போகிற சாக்கடை கணிசமாகக் குறையும். ஞாயிற்றுக்கிழமை வர முடியாத அம்மாவுக்குத் தன் வீட்டுக் கொல்லையில் செய்ய முடிகிற வேலை அது. அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வந்தவர் தலையை எண்ணுவதைவிட, எத்தனை வீட்டுக் குழாய் வாய்க்காலை விட்டுத் திரும்பியது என்று எண்ணுங்கள்.

வெள்ளோடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஈரோட்டிலிருந்து சென்னிமலை போகிற பக்கம். 1996-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குழந்தைகள் மத்தாப்பு, சங்குசக்கரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த மாதங்களில்தான் வலசைப் பறவைகள் வந்து சேருகின்றன. இது பல வருடமாக நடக்கிறது. வனத்துறை பலகை வைத்து மிரட்டியிருந்தால் இத்தனை காலம் நீடித்திருக்காது. ஊர் கூடிப் பேசி எடுத்த முடிவு, அதனால் ஊரே காக்கிறது. வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வெடியை எடுத்தால்கூட வீட்டுப் பெரியவர்களே, "இங்க வேண்டாங்க மாப்ள" என்று தடுத்துவிடுவார்கள். நான் பார்த்த வரைக்கும், பாதுகாப்பு என்பது ஊரில் வழக்கமாக மாறிவிட்டால் அதற்குத் தலைவர், செயலாளர் எல்லாம் தேவைப்படுவதில்லை.

இன்னொரு வழியைத் திருப்பூர் காட்டியிருக்கிறது. சர்க்கார் பெரியபாளையத்தில் நஞ்சராயன் குளம். நல்லாற்றின் தண்ணீர் வந்து சேர்கிற இடம், ஏறக்குறைய 126 ஹெக்டேர். சாயமும் பனியனுமாக இருக்கிற ஊருக்குள் இப்படி ஒரு குளம் இருப்பதையே வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். உள்ளூர்ப் பறவை ஆர்வலர்கள் வருடக்கணக்காகக் காலையில் போய்ப் பார்த்து எழுதி வைத்தார்கள். இமயத்தைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்து அங்கே இறங்குவதும் அப்படித்தான் பதிவானது. 2022-இல் சரணாலயமாக அறிவிப்பு, 2024 ஆகஸ்டில் ராம்சர் அங்கீகாரம். ஒரு குளம் முக்கியமானது என்று அரசிடம் சொல்ல வேண்டுமென்றால் பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலை எழுத எந்தப் பட்டமும் தேவையில்லை.

இதை உங்கள் ஊரில் நாளைக்கே தொடங்கலாம். பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. ஈபேர்ட் என்ற செயலியில் பதிய வேண்டும். குறைந்தது பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்றோ நடந்தோ, பார்த்த எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு எழுத வேண்டும். அபூர்வமானதை மட்டும் எழுதுவது பதிவாகாது. காக்கா எத்தனை, மைனா எத்தனை, தவிட்டுக்குருவி எத்தனை என்பதும் வேண்டும். ஏனென்றால் இன்றைக்குச் சாதாரணமாக இருப்பது பத்து வருடம் கழித்துக் குறைந்துபோனால், குறைந்தது என்று சொல்ல இன்றைய எண்ணிக்கை வேண்டுமே. வாரம் ஒருநாள் ஒரே நேரத்தில் ஒரே ஆள் எழுதினாலே நல்ல பதிவு. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இதைக் கொடுங்கள். பைனாகுலர் ஒன்று இருந்தால் போதும், மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். தன் ஊர்க் குட்டையில் நாற்பது வகைப் பறவைகளுக்குப் பெயர் சொல்லத் தெரிந்த பிள்ளை, வீட்டுக்குப் போய் அப்பாவிடம் அதைப் பேசாமல் இருக்காது.

இனி மரம். சுத்தம் செய்து முடித்ததும் எல்லாரும் அடுத்து மரம் நடத்தான் கிளம்புவார்கள், உங்கள் குழுவும் கிளம்பும். மரம் நடுவதை நான் எதிர்க்கவில்லை. கோவையில் அரசுப் பேருந்து நடத்துநராக வேலை பார்த்துக்கொண்டே, சம்பளத்தில் கன்று வாங்கி, பள்ளி பள்ளியாகப் போய் நட்ட மாரிமுத்து யோகநாதன் நம் ஊர்க்காரர்தான். 2015-இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' நிலத்துக்காரர்களின் இடத்தில் லட்சக்கணக்கில் கன்று வைத்திருக்கிறது. தண்ணீர் ஊற்ற ஒரு சொந்தக்காரர் இருக்கிற இடத்தில் கன்று பிழைக்கிறது என்பதுதான் அதில் நாம் கற்க வேண்டியது. நான் தடுக்க நினைப்பது வேறு. குட்டையின் நீர்ப்பரப்புக்குள்ளும் புல்வெளியிலும் குழி வெட்டி மரம் நடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். வெட்டவெளியைப் பார்த்தால் நமக்கு வெறுமையாகத் தெரிகிறது. அங்கேதான் வானம்பாடி முட்டை வைக்கிறது, கௌதாரி குஞ்சோடு நடக்கிறது.  அடர்வனம் போட்டு அதை மூடினால் அவற்றுக்கு இடம் போய்விடும்.

கொங்கு நாட்டில் இயற்கையைக் காத்த சாதாரண ஆள் யார் என்று என்னைக் கேட்டால், காங்கயம் பக்கத்துக் கொரங்காட்டுக்காரரைத்தான் சொல்வேன். காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர், குண்டடம் என்று மழை குறைந்த பகுதி முழுக்க இந்தக் கொரங்காடுகள் இருக்கின்றன. சொந்தப் பட்டா நிலம், ஆனால் மேய்ச்சலுக்கென்றே விட்டது. தரையில் கொழுக்கட்டைப் புல், மேலே அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கொரங்காடு. ஒரு காட்டில் மேய்த்துவிட்டு அடுத்த காட்டுக்கு மாட்டை மாற்றுவார்கள், மேய்ந்த காடு ஓய்வெடுக்கும். கோடையில் புல் காய்ந்தால் வெள்வேலங்காய் உதிரும், ஆடு மாடு அதைத் தின்று நாளைக் கடத்தும். சில வருடத்துக்கு ஒருமுறை உழுது சோளம் விதைத்துவிட்டு மறுபடி புல்லுக்கு விடுவார்கள். காங்கயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்த மாடு. போர்வெல் போடவில்லை, உரம் போடவில்லை, அரசுத் திட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் கீரி, குள்ளநரி, முயல், உடும்பு, காடை எல்லாம் அந்த நிலத்தில் பிழைத்தன.

கொரங்காடு இத்தனை காலம் ஏன் நிலைத்து நின்றது? மாட்டால் வருமானம் இருந்தது, அதனால் நின்றது. இன்றைக்கு அந்த நிலத்தைச் சைட்டாகப் பிரித்தாலோ சூரியமின் தகடு வைக்கக் கொடுத்தாலோ கிடைக்கிற பணத்துக்கு மாடு ஈடு கொடுக்க முடியவில்லை. பராமரிக்காமல் விட்ட காடுகளில் சீமைக்கருவேலம் புகுந்துவிட்டது. விற்காமல் வைத்திருக்கிற குடும்பத்தைத் தெரிந்தால் அவர்களிடம் பாலையும் நெய்யையும் வாங்குங்கள், நல்ல விலை கொடுத்து வாங்குங்கள். நகரத்தில் இருந்துகொண்டு ஒரு புல்வெளியைக் காக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

கிளுவை வேலியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊர் இட்டேரிகளில் நடந்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் கிளுவை, நடுவில் வண்டித்தடம். வேலியில் கோவைக்கொடி ஏறியிருக்கும், பிரண்டை படர்ந்திருக்கும், அடியில் ஆவாரை, சங்கஞ்செடி, கற்றாழை. கிளுவைக்கு அடர்ந்த முள்ளும் சின்னச் சின்ன இலையும். மழை கண்டதும் துளிர்க்கும், வறட்சி வந்தால் இலையைக் கொட்டிவிட்டுப் பச்சைத் தண்டோடு நிற்கும். உள்ளே பச்சோந்தி, ஓணான், கூடு கட்டிய தவிட்டுக்குருவி. ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குக் கீரியும் கௌதாரியும் போகிற பாதையும் அதுதான். ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று ஒரே நாளில் ஜேசிபி வைத்து இழுத்துப் போட்டுவிட்டுக் கம்பி வேலி போடுகிறார்கள். நூறு வருடத்து வேலி அரை நாளில் போய்விடுகிறது. பார்க்கிறபோது நெஞ்சு பதறுகிறது. ஆனால் கிளுவை திரும்ப வரும் செடி. மழைக்காலத்துக்கு முன்னால் போத்து (கிளைத்துண்டு) வெட்டி நெருக்கமாக ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். செலவு என்று பார்த்தால் ஆள் கூலிதான். உங்கள் குட்டையின் எல்லையில், கம்பி வேலிக்குப் பதில் கிளுவைப் போத்து ஊன்றுங்கள். ஆக்கிரமிப்பும் தடுக்கப்படும், உயிர்களுக்கும் இடம் கிடைக்கும். ஊன்றத் தெரிந்த கைகள் ஊரில் இன்னும் இருக்கின்றன. அவர்களைக் கூப்பிட்டுக் கற்றுத்தரச் சொல்லுங்கள், இளைஞர்கள் கேட்டுச் செய்யட்டும்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பெரிய பொறுப்பு உண்டு. சத்தியமங்கலத்துக்கு மேலே மாயாறு பள்ளத்தாக்கில், ஆற்றோர நீர்மருத மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) கூடு கட்டுகின்றன. தென்னிந்தியாவில் அவை கூட்டமாக மிஞ்சியிருக்கிற முக்கியமான இடம் அது. 1990-களில் தொடங்கிய அழிவில் இந்தியாவில் இந்தப் பறவை 99 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டது. மாட்டுக்கு வலி, வீக்கத்துக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசிதான் காரணம். ஊசி போட்ட மாடு செத்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் கெட்டுச் சாகும். 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டதால் 2015-இல் அந்தப் பெரிய குப்பிக்கும் தடை வந்தது. 2023-இல் கீட்டோப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக் இரண்டும் கால்நடைக்குத் தடையாயின. கால்நடை மருத்துவர் வந்தால், "மெலாக்சிகாம் போடுங்க டாக்டர்" என்று கேளுங்கள். அது பாறுக்குப் பாதுகாப்பான மருந்து. பாறுகள் இரை தேடி வெகுதூரம் பறக்கும், எந்த ஊர் மாடு எந்தக் கூட்டுக்குப் போகிறது என்று நமக்குத் தெரியாது. காட்டுக்குள் கால் வைக்காத ஒரு விவசாயி, கட்டுத்தறியில் நின்றுகொண்டே ஒரு பறவையைக் காக்கிறார் என்றால் இப்படித்தான்.

இதெல்லாம் அன்பாகச் செய்கிற வேலை. சண்டை போட வேண்டிய இடமும் உண்டு. குட்டைக்குச் சாயக்கழிவோ ஆலைக்கழிவோ வந்தால் எத்தனை ஞாயிறு உழைத்தும் பயனில்லை. நொய்யலில் நடந்ததைப் பாருங்கள். சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டி முடிக்கப்பட்டது, பாசனத்துக்காக. கொஞ்ச காலத்திலேயே சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. அணை வேண்டும் என்று கேட்ட விவசாயிகளே அந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. நிலம் உப்பாகி, கிணறு கெட்டு, தென்னை காய்ந்தது. ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து உயர் நீதிமன்றம் போனார்கள். 2009-இல் உச்ச நீதிமன்றம் வரை போய், கெடுத்தவரே ஈடு தர வேண்டும் என்ற நிலைப்பாடு உறுதியானது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற ஆணையால் திருப்பூரின் சாய ஆலைகள் மூடப்பட்டன. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகுதான் திறக்க முடிந்தது. அந்த மூடலில் தொழிலாளர்கள் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல, அதையும் மறக்கக்கூடாது. முதலிலேயே சட்டப்படி நடத்தியிருந்தால் விவசாயியும் தொழிலாளியும் எதிரெதிரே நிற்க நேர்ந்திருக்காது.

வழக்குப் போட்ட அந்த விவசாயிகள் கையில் இருந்தது தண்ணீரின் சோதனை முடிவுகளும் தேதியோடு வைத்த பதிவுகளும்தான். நீங்களும் அப்படி வையுங்கள். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குட்டையிலும் கரைக்குக் கீழே இரண்டு கிணற்றிலும் மாதம் ஒருமுறை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். நீதிமன்றத்துக்கு அந்த மீட்டர் போதாது. ஆனால் எப்போது ஆய்வகத்துக்கு எடுத்துப் போக வேண்டும் என்று அது சொல்லிவிடும்.

குழுவுக்குள் வருகிற சிக்கல்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணம் கைமாறினால் கணக்கை ஊர்ப் பொது இடத்தில் ஒட்டிவிடுங்கள். பலகையில் யார் பெயரும் வேண்டாம், பெயர் வந்தால் பாதிப்பேர் கோபித்துக்கொண்டு போவார்கள். கட்சிக்காரர்கள் வருவார்கள், வரட்டும், எல்லாக் கட்சிக்காரரையும் ஒரே நாளில் கூப்பிடுங்கள். மீன் ஏலம் எடுத்தவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். பறவை தின்கிறது என்று அவர் வெடி போட்டு விரட்டினால், ஏலத் தொகையில் ஊராட்சி அவருக்கு ஏதாவது தள்ளிக் கொடுக்க முடியுமா என்று பேசிப் பாருங்கள். நட்டம் அவருக்கு மட்டும், பெருமை நமக்கு மட்டும் என்றால் அது நியாயமில்லை.

கடைசியாக, இந்த முடிவுகளையெல்லாம் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், குட்டைக்குப் பொருத்தமான நாள். குட்டையின் புல எண், வரத்து வாய்க்கால் மறிக்கப்பட்ட இடங்கள், எல்லையை அளந்து கல் நட வேண்டும் என்ற கோரிக்கை, இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி உள்ளாட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உங்கள் ஊராட்சியில் இருக்கிறதா, அதன் பதிவேட்டில் இந்தக் குட்டை இருக்கிறதா என்றும் அங்கேயே கேளுங்கள். மாடு மேய்ப்பவரையும் கரையோரக் குடியிருப்பின் பெண்களையும் முன்வரிசையில் உட்கார வைத்து, வாய்க்கால் அடைபட்ட கதையை அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதா என்று பார்த்து, நகல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.